கல்லீரல் கொழுப்பு: ஸ்கேன் ரிப்போர்ட்டில் இல்லாத அந்த ஒரு எண்

[திரையில்: கல்லறைச் சுவரில் செதுக்கிய வாத்துக் காட்சி]

எகிப்தில் சக்காரா என்ற இடத்தில் 4,000 ஆண்டுகளுக்கும் பழைய கல்லறைகள் இருக்கின்றன. அந்தச் சுவர்களில் ஒரு காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் தொண்டைக்குள் தீவன உருண்டையைத் திணிக்கிறார். உருண்டை பிடிக்கிற வேலையும் ஒரு பக்கம் நடக்கிறது.

ஒரு கல்லீரலில் கொழுப்பை எப்படி ஏற்றுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் கிடையாது. இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வாத்துக்குக் கொடுத்தது எண்ணெயோ நெய்யோ கொழுப்போ இல்லை. தானியம்.

இன்றைக்கும் ஈரலுக்காக வாத்து வளர்க்கும் பண்ணைகளில் திணிப்பது மக்காச்சோளம்தான். சுமார் இரண்டு வாரம் இப்படித் திணித்தால் போதும், ஈரல் வழக்கமான எடையைப் போல் பல மடங்கு பெருக்கிறது. அந்த ஈரலை வெட்டி எடுத்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. சோளத்தில் இருப்பதோ பெரும்பாலும் மாவுச்சத்து. அப்படியானால் கொழுப்பு எங்கிருந்து வந்தது? அந்த ஈரலே தயாரித்தது. தேவைக்கு மேல் வந்து குவிந்த சர்க்கரையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே அடுக்கிக்கொண்டது.

நம் உடம்பிலும் இதே வேலை நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வீடியோ. கடைசி வரை பாருங்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் அதற்கு ஒரு காரணமும் சொல்கிறேன். நடுவில் ஒரு கணக்கு வரும். வீட்டில் இருக்கும் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்தே அதைப் போட்டுப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை.

[திரையில்: பறக்கும் வாத்துக் கூட்டம்]

வாத்துகளை இன்னும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போவோம், ஏனென்றால் இங்கேதான் விஷயம் இருக்கிறது. வலசை போகும் காட்டு வாத்துகளை யாரும் பிடித்துத் திணிப்பதில்லை. நீண்ட தூரம் பறப்பதற்கு முன்பு அவை தாமாகவே அளவுக்கு மீறித் தின்கின்றன. தோலுக்கு அடியிலும் ஈரலிலும் கொழுப்பு ஏறுகிறது. அப்புறம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கின்றன. போய்ச் சேரும்போது அந்தக் கொழுப்பு எரிந்து தீர்ந்திருக்கும். பண்ணை வாத்துக்குக்கூட, திணிப்பதை நிறுத்திவிட்டால் சில வாரங்களில் ஈரல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆக, ஈரலில் கொழுப்பு ஏறுவது இயற்கையில் ஒரு நோயாகத் தொடங்கியதே இல்லை. அது பயணத்துக்கான கட்டுச்சோறு. நாம் மூட்டையைக் கட்டுகிறோம், ஆனால் கிளம்புவதில்லை. வருடக்கணக்காக, சிலர் 20, 30 ஆண்டுகள், அந்தக் கொழுப்போடேயே உட்கார்ந்திருக்கிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் வலது விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கிறது, பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றரை கிலோ எடை. அதன் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்திருந்தால் ஃபேட்டி லிவர். குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் மதுவால் வருவது போலவே கல்லீரல் கெடுகிறது என்பதை 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக்கும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்தது வெறும் 20 நோயாளிகளின் விவரம். இன்று உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேல். 2023-இல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இதற்குப் புதுப் பெயர் வைத்தன: மாஸ்ல்டு. எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் கோளாறு இருந்து, கல்லீரலிலும் கொழுப்பு இருந்தால் இந்தப் பெயர். நான் ஃபேட்டி லிவர் என்றே சொல்லப் போகிறேன், நம் ரிப்போர்ட்டிலும் அப்படித்தானே போடுகிறார்கள்.

[திரையில்: 59, 26, 15]

இந்த மூன்று எண்களைப் பாருங்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் கல்லீரலுக்குள் இருக்கும் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்ட மூலக்கூறுகளை வைத்துத் தேடிப் பார்த்தார்கள். சாப்பிட்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது வெறும் 15 சதவீதம். சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரல் தானே தயாரித்தது 26 சதவீதம். மீதி 59 சதவீதம் உடம்பில் ஏற்கனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. ஆய்வில் இருந்தவர்கள் சிலர்தான். ஆனால் அது காட்டிய திசையைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன.

59 சதவீதம் எப்படி வருகிறது? நம் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசுவை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பும் வரை வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை. நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் வழிந்து சுவருக்குள் இறங்கும். எல்லோருக்கும் ஒரே அளவுத் தொட்டி கிடையாது. சிலருக்குப் பிறப்பிலேயே சிறியது. பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் ஃபேட்டி லிவர் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆசியர்களுக்கு எடை அதிகம் என்று சொல்வதற்கான பி.எம்.ஐ. வரம்பையே 25-க்குப் பதில் 23 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். "நான் குண்டாக இல்லையே, எனக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் தராசை விட்டுவிட்டு இடுப்பைச் சுற்றி ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

26 சதவீதத்துக்கு வந்தால், அங்கே ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை வருகிறது. குளுக்கோஸை உடம்பின் எல்லாச் செல்களும் எடுத்துக்கொள்ளும். ஃப்ரக்டோஸின் பெரும்பங்கு கல்லீரலுக்குத்தான் போகிறது. குளுக்கோஸை உடைக்கும்போது போதும் நிறுத்து என்று கட்டுப்படுத்தும் ஒரு நொதி இருக்கிறது. ஃப்ரக்டோஸ் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் குளிர்பானமோ பாக்கெட் ஜூஸோ மடமடவென்று குடிக்கும்போது, அவ்வளவும் ஒரே நேரத்தில் கல்லீரல் வாசலில் வந்து நிற்கிறது. முழுப் பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்தோடு மெதுவாகத்தான் உள்ளே போகும். எனவே பழத்தை நிறுத்திவிடாதீர்கள், ஜூஸை நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்தே கிடையாது.

[திரையில்: கிரேடு 1, கிரேடு 2, கிரேடு 3]

இப்போது இந்த வீடியோ எதற்காகவோ அங்கே வருகிறேன்.

வேறு எதற்கோ வயிற்றில் ஸ்கேன் எடுக்கிறீர்கள். கடைசி வரியில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று இருக்கிறது. இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர், "இது எல்லோருக்கும் இருப்பதுதான்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார். இன்னொருவர் கிரேடு 2 என்று பார்த்ததும் தூக்கத்தைத் தொலைத்து, கல்லீரலைச் சுத்தப்படுத்தும் பொடி வாங்கப் போவார். இரண்டு பேருமே தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த கிரேடு கொழுப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறது. அதுவும் திரையில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துப் போடுவது. ஆனால் பிற்காலத்தில் யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்வது கொழுப்பின் அளவு இல்லை, தழும்பு. மருத்துவர்கள் ஃபைப்ரோஸிஸ் என்பார்கள். அதற்குத் தனி அளவு இருக்கிறது, எஃப் 0 முதல் எஃப் 4 வரை. எஃப் 4 என்றால் சிரோசிஸ், கல்லீரல் இறுகிச் சுருங்கும் நிலை. கிரேடு 3-க்கும் எஃப் 3-க்கும் சம்பந்தமே இல்லை. தயவுசெய்து இந்த ஒரு வரியை உங்கள் குடும்ப குரூப்பில் அனுப்பிவிடுங்கள்.

தழும்பு எப்படி விழுகிறது என்று உள்ளே போய்ப் பார்ப்போம். கல்லீரல் செல்களுக்கும் ரத்த நாளங்களுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியில், நட்சத்திர வடிவில் சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டெல்லேட் செல்கள். சாதாரண நாட்களில் இவற்றின் வேலை வைட்டமின் ஏ-யைப் பத்திரமாக வைத்திருப்பது. நம் உடம்பில் சேமிப்பாக இருக்கும் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி இவற்றுக்குள் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளாக இருக்கிறது. பக்கத்தில் கல்லீரல் செல்கள் கொழுப்பின் நச்சுத்தன்மை தாங்காமல் உப்பி, வீங்கி, செத்துக்கொண்டே இருந்தால், இந்த அமைதியான செல்கள் தங்கள் வைட்டமின் ஏ-யை இழந்து, நீண்டு, உருவமே மாறி, கொலாஜன் நாரை நூற்கத் தொடங்குகின்றன. புண் ஆறுவதற்காக நடக்கும் வேலைதான் அது. காயம் நிற்காததால் நூற்பதும் நிற்பதில்லை. எனக்கு இந்த இடம் படிக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது. வைட்டமின் காவலாளியாக இருந்த செல் எப்படி மாறிப்போகிறது பாருங்கள்.

இதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறது. வெறும் கொழுப்பு மட்டும் இருப்பவர்களில் தழும்பு அதிகமாகிறவர்களுக்கு, ஒரு எஃப் நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகச் சராசரியாக 14 ஆண்டுகள். அழற்சியும் சேர்ந்துவிட்டால் 7 ஆண்டுகள். கல்லீரலின் உள்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் இத்தனை வருடமும் அது வாயே திறக்காது.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். சிரோசிஸ் முற்றும்போது கல்லீரலில் இருந்த கொழுப்பு குறைந்துவிடக்கூடும். அதாவது போன முறை கிரேடு 2, இந்த முறை கிரேடு 1 என்று ரிப்போர்ட் வந்தால், ஒன்று நீங்கள் நன்றாக உழைத்து எடையைக் குறைத்திருக்கிறீர்கள், அல்லது சிலருக்கு நோய் முற்றியிருக்கிறது. கிரேடை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கல்லீரல் நொதி எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் முடியாது. தழும்பு அதிகம் உள்ள பலருக்கு அது இயல்பான அளவில்தான் இருக்கிறது.

[திரையில்: ஃபிப்-4 கணக்கு]

அப்படியென்றால் தழும்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசியால் குத்திச் சதை எடுக்கும் பயாப்ஸியை மூன்றில் ஒருவருக்குச் செய்ய முடியுமா? உலகில் இருக்கும் கல்லீரல் மருத்துவர்கள் எல்லோரும் ராப்பகலாக வேலை செய்தாலும் முடியாது. இங்கேதான் ஃபிப்-4 வருகிறது. 2006-இல் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காகக் கண்டுபிடித்த கணக்கு இது. இப்போது ஃபேட்டி லிவருக்கு முதல் சல்லடையாக உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

நான்கு எண்கள் போதும். வயது, எஸ்.ஜி.ஓ.டி. (இதுவும் ஒரு நொதி, சில ரிப்போர்ட்டில் ஏ.எஸ்.டி. என்று இருக்கும்), எஸ்.ஜி.பி.டி. (ஏ.எல்.டி. என்றும் இருக்கும்), பிளேட்லெட். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். அதைத் தனியாக எழுதி வையுங்கள். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தை எடுத்துப் பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்குங்கள். பிளேட்லெட் 2 லட்சம் என்று இருந்தால் 200 என்று போட வேண்டும், ஆயிரத்தில். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்தால் விடை.

இரண்டு கற்பனை ஆட்களை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். முதல் ஆள், வயது 45, ஸ்கேனில் கிரேடு 3. எஸ்.ஜி.ஓ.டி. 24, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் இரண்டரை லட்சம். 45-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,080. 36-இன் வர்க்கமூலம் 6, அதை 250-ஆல் பெருக்கினால் 1,500. விடை 0.72. இரண்டாவது ஆள், வயது 58, ஸ்கேனில் வெறும் கிரேடு 1. எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. அதே 36, பிளேட்லெட் 1 லட்சத்து 40 ஆயிரம். 2,784-ஐ 840-ஆல் வகுத்தால் 3.31.

1.3-க்குக் கீழ் இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67-க்கு மேல் போனால் தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் மாதிரி அடுத்த பரிசோதனை. கிரேடு 3 என்று பயந்துபோயிருந்தவர் 0.72, கிரேடு 1 என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்தவர் 3.31. இப்போது சொல்லுங்கள், முதலில் யாரை அனுப்ப வேண்டும்?

கணக்கு ஏன் வேலை செய்கிறது தெரியுமா? தழும்பு கூடும்போது கல்லீரல் வழியாக ரத்தம் போவது தடைபட்டு மண்ணீரல் பெரிதாகிறது. அது பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளேட்லெட்டை உற்பத்தி செய்யச் சொல்லும் ஹார்மோனும் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறையும். அதனால்தான் பிளேட்லெட் வகுக்கும் பக்கத்தில் இருக்கிறது.

சில எச்சரிக்கைகள். காய்ச்சலில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தை வைத்துப் போடாதீர்கள், டெங்கு மாதிரி காய்ச்சல்களில் பிளேட்லெட் இறங்கி எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், விடை பயமுறுத்தும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை. 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று வைக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஸ்கேனில் எதுவும் வராவிட்டாலும் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபைப்ரோஸ்கேன் பற்றி ஒரே ஒரு விஷயம்: விலா எலும்புகளுக்கு நடுவே லேசாகத் தட்டும், அந்த அதிர்வு கல்லீரலில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும், இறுகிய கல்லீரலில் வேகம் கூடும். வலி இல்லை.

[திரையில்: 5, 10 சதவீதம்]

தழும்பு திரும்புமா? திரும்பும். கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் உணவு, உடற்பயிற்சி என்று மட்டும் வைத்து, முன்னும் பின்னும் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வு. உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்தது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ. 5 சதவீதம், அதாவது 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு குறையத் தொடங்கிவிடும். ஆனால் அந்த ஆய்வில் 10 சதவீதத்தை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். இதை மறைத்து "மனசு வைத்தால் முடியும்" என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. கஷ்டமான வேலை இது, உதவி தேவைப்படும் வேலை. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி மட்டுமே கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது என்பது ஆறுதலான செய்தி. பட்டினி கிடந்து மாதத்தில் 10 கிலோ குறைக்கும் வேலை வேண்டாம், பித்தப்பையில் கல் வரும். காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன, சர்க்கரை இல்லாத காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீடாக்ஸ் பொடிகள், மாத்திரையாக வரும் கிரீன் டீ சாறு, மஞ்சள் சாறு இவற்றால் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கிறது. தொடாதீர்கள்.

மருந்து? 1980-இல் லுட்விக் எழுதியதிலிருந்து 44 ஆண்டுகள் அமெரிக்காவில் எதற்குமே அனுமதி கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் அங்கே ரெஸ்மெட்டிரோம் அனுமதி பெற்றது, 2025 ஆகஸ்ட்டில் செமாக்ளூடைடு. செமாக்ளூடைடு ஆய்வில் 72 வாரங்களில் சுமார் 63 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கு. இரண்டு மருந்துகளும் எஃப் 2, எஃப் 3-க்கு மட்டும். சிரோசிஸ் வந்துவிட்டால் இவற்றுக்கு அனுமதி இல்லை. நிலை என்னவென்று முன்பே தெரிந்தவருக்குத்தான் மருந்தும்.

[திரையில்: உலக வரைபடம்]

இவ்வளவு பேருக்கு இருக்கும் நோயை அரசுகள் எப்படிப் பார்க்கின்றன? ஹெபடைட்டிஸ் பி-க்கு 1980-களிலிருந்து தடுப்பூசி இருக்கிறது, ஹெபடைட்டிஸ் சி-யைச் சில மாத மாத்திரைகளில் குணப்படுத்தலாம். கல்லீரல் புற்றுநோயின் பழைய காரணங்கள் இரண்டும் இப்படிப் பிடிக்குள் வந்துகொண்டிருக்கும்போது, ஃபேட்டி லிவரால் வரும் புற்றுநோய் ஏறுகிறது, சில சமயம் சிரோசிஸ் வருவதற்கு முன்பே. ஆனால் ஃபேட்டி லிவர் உள்ளவர்களை அதிகமாகக் கொல்வது கல்லீரல்கூட இல்லை, மாரடைப்பும் மற்ற இதய நோய்களும்தான். அதனால் இது யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாத நோயாகவே கிடந்தது. 102 நாடுகளின் கொள்கைகளை 2020-இல் ஆராய்ந்தபோது இதற்கென எழுதப்பட்ட தேசியத் திட்டம் ஒரு நாட்டிலும் இல்லை. 2021-இல் இந்தியா தன் தொற்றா நோய்த் திட்டத்தில் இதைச் சேர்த்தது. சர்க்கரைப் பானங்களுக்கு மெக்சிகோ 2014-இல் வரி போட்டது, பிரிட்டன் 2018-இல். பிரிட்டனில் வரி வரப்போகிறது என்றதுமே கம்பெனிகளே பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. தனி மனிதருக்கு அறிவுரை சொல்வதைவிட இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது, வாங்குபவர் எதையும் மாற்றாமலே சர்க்கரை குறைகிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அச்சடிக்கும் ஒவ்வொரு லேபும் ஃபிப்-4 எண்ணையும் தானாகவே கடைசி வரியில் சேர்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும், பெரிய செலவு வராது. நான்கு எண்களும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கும் போட்டுக் கொடுங்கள். கணக்கில் எங்கே குழம்பியது என்று கமென்ட்டில் கேளுங்கள், பதில் எழுதுகிறேன். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் கமென்ட்டில் போடாதீர்கள். விடை 1.3-க்கு மேல் வந்தால் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதியும் போட்டு, உங்கள் மருத்துவர் மேசையில் வையுங்கள்.